பாதங்களை வெட்டிவிட்டுப் போட்ட படங்கள்

வித்யா,

இந்த வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். மாப்பிள்ளை முன்னாலேயே போய்விட்டார், உனக்கும் விசா வந்துவிட்டது. கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. ஊறுகாய் பாட்டிலை எந்தப் புடவைக்குள் சுற்றுவது என்று நீயும் உன் அப்பாவும் பேசிக்கொண்டிருப்பது எனக்கு இங்கே கேட்கிறது. தூர தேசம் போகும் பெண்ணுக்கு அம்மா எழுதும் கடிதத்தில் கண்ணீர் இருக்கும் என்று நீ எதிர்பார்ப்பாய். எனக்கு இப்போது இருப்பது கோபம். ஆறட்டும், ஆறிய பிறகு எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆறவில்லை. ஆறிவிட்டால் எழுதவே மாட்டேன் என்பதும் தெரியும். இந்த வீட்டில் என் கோபங்களெல்லாம் அப்படித்தான் போயிருக்கின்றன. குக்கர் கூவும், எழுந்து போவேன், திரும்பி வருவதற்குள் யாராவது பேச்சை மாற்றியிருப்பார்கள். இந்தத் தடவை அப்படிப் போக விடுவதாக இல்லை. அதனால்தான் உன்னிடம் பேசாமல் எழுதுகிறேன்.

உன் அம்மா படம் போடுகிறவள் என்பது உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அது வேலை என்று இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தோன்றியதில்லை. கல்லூரியில் பட்டம் வாங்கியபின் வங்கிப் பரீட்சை எழுதாமல் வாரப் பத்திரிகைகளுக்குக் கதைப் படம் போடப் போனேன். அதை என் வீட்டிலும் பொழுதுபோக்கு என்றார்கள், கல்யாணமான பிறகு உன் அப்பா வீட்டிலும் பொழுதுபோக்கு என்றார்கள். மாடி வீட்டு மாமி தன் பிள்ளையின் உயிரியல் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு வருவாள். தவளையின் ஜீரண மண்டலம். "உனக்கென்னடி, அஞ்சு நிமிஷம்." எதிர்வீட்டுக்காரர் பூணூல் பத்திரிகைக்குப் பிள்ளையார் கேட்பார். நாத்தனார் தன் பெண்ணின் அரங்கேற்ற அழைப்பிதழுக்கு நடராஜர் கேட்பாள். ஒரு டம்ளர் காப்பிப் பொடி கடன் வாங்கினால் ஒன்றாம் தேதி நினைவாகத் திருப்பிக் கொடுக்கிற மனிதர்கள்தான் இவர்கள் எல்லோரும். படத்தைக் கேட்கும்போது மட்டும் அதைச் செய்ய ஒரு ஆளுக்குக் கை வலிக்கும், கண் எரியும் என்கிற நினைப்பு அவர்களுக்கு வராது.

உனக்கு அப்போது ஆறு ஏழு வயது இருக்கும். ஒரு நாள் மாடி மாமி ரெக்கார்டு நோட்டோடு வந்தபோது நீ வாசற்படியில் இரண்டு கைகளையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "எங்கம்மா வேலையா இருக்கா. அப்பறமா வாங்கோ" என்றாய். மாமி சிரித்தாள். உன் அப்பா அதிகப்பிரசங்கி என்று உன்னைக் கடிந்துகொண்டார். நான் உள்ளே மைக்கூட்டை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் இருபத்தைந்து வருஷத் தொழிலில் என்னை வேலை செய்கிறவள் என்று சொன்ன முதல் ஆள் நீதான். இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்பது உனக்குப் போகப் போகத் தெரியும்.

இந்தக் கோபத்துக்கெல்லாம் காரணமான அந்தப் படத் தொடரை எப்படிப் போட்டேன் என்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு வரன் பார்க்க ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், பத்திரிகையில் மாதத்துக்கு ஒரு முழுப் பக்கம் தருவதாகச் சொன்னார்கள். கதைக்குப் படம் இல்லை, படத்துக்கே பக்கம். அப்படி எனக்கு யாரும் அதுவரை தந்ததில்லை. இந்த ஊர்ப் பெண்களை வரைவது என்று முடிவு செய்தேன். வடக்கு மாட வீதியில் பூத் தொடுக்கிறவள், தேனாம்பேட்டை சிக்னலில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற குமாஸ்தாப் பெண், வயலினை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகிற பெண். ஊரூர் குப்பத்திலிருந்து கூடையோடு பெசன்ட் நகர்ப் பக்கம் வரும் மீன்காரி தேசம்மாவையும் வரைய ஆசைப்பட்டேன். நம் வீட்டில் மீன் வாங்குவதில்லை, ஆகவே அவளிடம் போய் நிற்க எனக்குக் கூச்சம். இருந்தாலும் போனேன். உங்களை வரையலாமா, பத்திரிகையில் வரும் என்று கேட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமா, மீனும் வாங்க மாட்ட, என்னிய மட்டும் வாங்கிக்கினு போறியா?"

அங்கே இருந்த எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். பிறகு அவள் ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "கால்ல மெட்டி கீது பாரு, அத்த வுட்டுறாத. தலையில கூடை, மூஞ்சில வேர்வை, அதெல்லாம் எப்பிடி வேணா போட்டுக்க. மெட்டி தெரியணும்." அவள் புருஷன் புயலில் மாட்டிப் பிழைத்துத் திரும்பிய வருஷம் வாங்கித் தந்த மெட்டியாம் அது. அவள் கேட்டபடியே போட்டேன். பத்திரிகை வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் காலைத்தான் பார்த்தாள்.

நான் பாதத்தைக் கடைசியில்தான் போடுவேன். உனக்கும் தெரியும், சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கால் வரலியே" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். முகம் சரியாக வந்துவிட்டால் படம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. பாதம் தரையில் ஊன்றினால்தான் அந்த ஆள் நிற்கிறாள். அது சரியாக வந்தபிறகு, குதிகாலுக்குப் பக்கத்திலேயே என் கையெழுத்தைப் போடுவேன். அந்தத் தொடரில் எல்லாப் படத்திலும் கையெழுத்து அங்கேதான் இருந்தது.

ஆவணியில் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்ரீதர், அவருடைய அப்பா அம்மா, அண்ணா முரளி, மன்னி. மாப்பிள்ளை அமெரிக்காவில், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடுமாமே, அதைச் சரி செய்கிற வேலையில் இருக்கிறார் என்று அவர் அப்பா விளக்கினார். முரளி தி.நகரில் இன்டர்நெட் கம்பெனி நடத்துகிறார், வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் பஞ்சாங்கம், பண்டிகை வாழ்த்து அட்டை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கும் என்றார்கள். முரளி சுவரில் மாட்டியிருந்த பூக்காரியின் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "மாமி, இதெல்லாம் ஒரிஜினலா? பாக்கி எங்கே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா பீரோவைத் திறந்து, நான் படங்களைப் பட்டுத்தாள் சுற்றி வைத்திருந்த அட்டைப் பையை எடுத்து நீட்டிவிட்டார். ஆத்துக்குக் கொண்டுபோய் ஆற அமரப் பாருங்கோ, மெதுவாத் திருப்பிக் குடுத்தாப் போறது என்றார். பிள்ளை வீட்டார் ஒன்றைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் அதை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக் கிண்ணமானாலும் சரி, என் படமானாலும் சரி. நம் மனிதர்களுக்கு இது யாரும் கற்றுத் தராமலே தெரியும். என் கையில் அப்போது கேசரித் தட்டு இருந்தது. அதை நீட்டிக்கொண்டே என் படங்கள் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். நிச்சயதார்த்தத்தின்போது பை பத்திரமாகத் திரும்பி வந்தது. ஒரு தாள்கூட மடங்கவில்லை. நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு என் கல்லூரித் தோழி வசந்தா அமெரிக்காவிலிருந்து போன் செய்தாள். யாரோ அவளுக்குக் கம்ப்யூட்டரில் வாழ்த்து அனுப்பியிருந்தார்களாம். "உன் படம் மாதிரியே இருக்குடி. ஆனா உன் பேரைக் காணோம். நீதானா, இல்லே உன்னைப் பாத்து யாராவது போட்டாளா?" என்றாள். அந்தப் பக்கத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மறுநாள் லஸ் பக்கம் ஒரு மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில் புடவைக்காரி நான் ஒருத்திதான். முகவரியை அடித்துக் கொடுத்தார்கள். படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. முதலில் கூடை. பிறகு தேசம்மாவின் நெற்றி, கண், மூக்குத்தி. நின்றது. மறுபடி இறங்கியது. கழுத்து, தோள், இடுப்பில் செருகிய முந்தானை. அத்தனை மெதுவாக என் படத்தை நானே பார்த்ததில்லை. முழங்கால் வரை வந்தது. நான் பாதத்துக்காகக் காத்திருந்தேன். பாதம் வரவில்லை. கணுக்காலோடு வெட்டி, அதற்குக் கீழே ஒரு பச்சைப் பட்டையில் முரளியின் கம்பெனிப் பெயர். இன்னும் இறங்கும் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். சென்டர்க்காரர் வந்து, "அவ்ளோதான் மேடம், ஃபுல்லா வந்திடுச்சு" என்றார்.

பையைத் திருப்பித் தருவதற்கு முன் நகல் எடுத்திருக்கிறார்கள், எல்லாப் படமும் இருந்தது. பூக்காரி பொங்கல் வாழ்த்தாகியிருந்தாள். குமாஸ்தாப் பெண் 'வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள்.' தேசம்மா அன்னையர் தின வாழ்த்து. ஒருத்திக்கும் பாதம் இல்லை. என் கையெழுத்தை எடுக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். எனக்கு வந்த கோபத்தில் முதலில் என் பெயர் நினைவுக்கு வரவில்லை வித்யா. அந்த மெட்டிதான் வந்தது. ஒரு மீன்காரியிடம் நான் வாக்குக் கொடுத்துக் கேட்டு வாங்கியதை, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த மனிதர் வெட்டி எறிந்திருக்கிறார்.

அன்று நான் வீட்டில் சொன்னபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பொண்ணைக் குடுக்கற எடம். படத்தையா பிடிச்சுண்டு தொங்கறே?" என்றார். காசு வேணுமா, எவ்வளவு என்று சொல், நான் தந்துவிடுகிறேன் என்றும் சொன்னார். பத்திரிகையில் கேட்டேன். உலகமெல்லாம் பார்க்கிறார்களே அம்மா, சந்தோஷப்படுங்கள் என்றார்கள். உலகமெல்லாம் பார்க்கிறது சரி. யாருடைய படம் என்று பார்க்கிறது? நீ மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் வந்து சொன்னேன். நீ கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

"படம்தானேம்மா."

பிறகு, கல்யாணம் முடிகிற வரைக்குமாவது சும்மா இரேன் என்றாய். வாசலில் கையை விரித்து நின்ற அதே பெண். உன் பயம் எனக்குப் புரிந்தது. போகப் போகிற வீட்டில் முதல் நாளே முகம் சுளிக்கக் கூடாது என்ற பயம். புரிந்ததால் கோபம் குறைந்தது என்று நினைக்காதே.

அதற்கு அடுத்த வாரம் நான் உங்கள் யாரிடமும் சொல்லாமல் தி.நகர் போனேன். இதை இன்றுதான் உனக்குச் சொல்கிறேன். பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே அவர் ஆபீஸ். கம்ப்யூட்டருக்காகச் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும், உள்ளே ஏ.சி. போட்டு அவ்வளவு குளிர். நான் போனபோது முரளி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டு எடுத்தாய், ராத்திரி பகலாக உட்கார்ந்து நாங்கள் செய்தது, வக்கீல் நோட்டீஸ் விட்டால் உன் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்றெல்லாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்கோ மாமி, நல்ல சமயத்துல வந்தேள். திருட்டுப் பசங்க மாமி. நம்ம படத்தை அப்படியே தூக்கிண்டு போய் அவன் சைட்டுல போட்டுண்டிருக்கான்."

"எந்தப் படம்?"

"அதான் மாமி, மீன்காரி, பூக்காரி, நம்ம படமெல்லாம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஒரிஜினலில் பாதம் இருந்ததே, என் கையெழுத்து இருந்ததே என்றேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. படம் நீளமாக இருந்தால் பக்கம் திறக்க நேரமாகிறது, அமெரிக்காவில் யாரும் காத்திருக்க மாட்டார்கள், அதனால் கீழே கொஞ்சம் எடுத்தோம் என்றார். என் பாதம் இருந்தால் நேரமாகும், உங்கள் பச்சைப் பட்டை இருந்தால் ஆகாதா என்று கேட்டேன். அதற்கு அவர், மாமி கோவிச்சுக்காதேள், நெட்டில் வந்துவிட்டால் எல்லாம் எல்லோருக்கும் பொது, அதுதான் அதன் அழகே என்றார். அப்படியானால் அந்த இன்னொருத்தனும் அந்த எல்லோரில் ஒருத்தன்தானே, அவனை ஏன் திட்டுகிறீர்கள் என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். "மாமி நன்னாப் பேசறேள்" என்று பக்கத்து மேஜையில் இருந்தவரிடம் சொன்னார். என்னைப் பேச்சுக்காரி ஆக்கிவிட்டால் நான் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை பார்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தார். அந்தப் படங்களையெல்லாம் நான் அவர் கம்பெனிக்காகவே போட்டுக் கொடுத்தேன், அவற்றின் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவனை விரட்ட வேண்டுமானால் இது நம்முடையது என்று காட்ட வேண்டும் இல்லையா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, நீங்கள் வராவிட்டால் நானே ஆத்துக்குக் கொண்டு வந்திருப்பேன் என்றார். என் படத்தை ஒருவன் திருடினான் என்று நிரூபிக்க, அது என் படம் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். படத்தில் வெட்டிய கையெழுத்து இந்தத் தாளின் அடியில் மட்டும் அவருக்கு வேண்டும். நான் தாளைத் திருப்பி மேஜையில் வைத்தேன். பாதத்தோடு, பெயரோடு போடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். உட்காராமல், குரல் உயர்த்தாமல், இவ்வளவுதான் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு மாமி" என்றார். நான் என் படத்தைப் பற்றிப் பேசினேன், அவர் உன் கல்யாணத்தைப் பற்றிப் பதில் சொன்னார். கீழே இறங்கி வந்து பாத்திரக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அந்தத் தாள் எனக்கு முன்னால் வீடு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாளில் உன் அப்பா கையில் இருந்தது. அவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார், பேனாவோடு. ஒரு கையெழுத்து, பெண்ணின் வாழ்க்கை என்றார். நீ மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய். "போட்டுடேம்மா" என்றாய், "ப்ளீஸ்." நான் போடவில்லை. அன்றிலிருந்து கல்யாணம் வரை உன் அப்பா என்னிடம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசினாய், புடவையைப் பற்றியும் நகையைப் பற்றியும் மட்டும்.

கல்யாணம் நின்றுவிடும் என்று நீங்கள் இருவரும் பயந்தீர்கள். நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை போட்டுக் கொடுத்திருப்பேனோ என்று நினைக்கும்போதெல்லாம் என் கோபம் இன்னும் அதிகமாகிறது. ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பிணையாக வைத்து அவள் அம்மாவிடம் எதை வேண்டுமானாலும் எழுதி வாங்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் கெட்டவர்களா என்றால் அதுவும் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சீர் கேட்கவில்லை, சாப்பாட்டில் குற்றம் சொல்லவில்லை. என் உழைப்பு ஒரு பொருள் என்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாததை எடுக்கும்போது எடுக்கிறோம் என்ற கூச்சமும் வருவதில்லை.

மண்டபத்தில் உன் மாமியார் தன் உறவுக்காரர்களிடம் என்னை அறிமுகம் செய்தபோது நீ பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்றாய். "இவாதான் பொண்ணோட அம்மா. படமெல்லாம் போடுவா. ஜாக்கிரதையாப் பேசுங்கோ, கேஸ் போட்டுடுவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மணப்பெண் வேறென்ன செய்ய முடியும் என்று உனக்காக நானே பலமுறை வாதாடிப் பார்த்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாளோ என்னவோ, நீ அழுதுகொண்டே போன் செய்தாய். ஊஞ்சலில் நீ தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை முரளி அந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார், 'திருமண வாழ்த்து' என்று. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் உன் முகத்தை அனுப்பலாம். "என்னை ஒரு வார்த்தை கேக்கலியேம்மா. யார் யாரோ பாக்கறாளே" என்றாய். நான் உடனே புடவை மாற்றிக்கொண்டேன். தி.நகருக்குப் போவது என்று கிளம்பியே விட்டேன். வாசற்கதவைப் பூட்டும்போது மறுபடி போன். உன் குரல் மாறியிருந்தது. மாப்பிள்ளை அண்ணாவுக்குப் போன் செய்தாராம். உன் மாமியாரும் பக்கத்திலிருந்து, நம்மாத்துப் பெண்ணின் போட்டோவைக் கண்டவனும் பார்க்கிறதா என்று சத்தம் போட்டாராம். அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டார்கள். நீ சந்தோஷமாகச் சொன்னாய்.

"பாத்தியாம்மா, தன்மையாச் சொன்னா கேக்கறா."

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்தது. அவர்கள் உன் தன்மையைக் கேட்கவில்லை வித்யா. நீ சொன்னதையே அவர்கள் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை சொன்னதைக் கேட்டார்கள். உன் முகம் அவர்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது, அதனால் அது வெளியே போனதும் அவர்களுக்குச் சுட்டது. நானும் தன்மையாகத்தான் சொன்னேன். நின்றுகொண்டு, குரல் உயர்த்தாமல் சொன்னேன். எனக்குக் கிடைத்தது ஒரு தாளும் பேனாவும். தேசம்மா, பூக்காரி, குமாஸ்தாப் பெண் எல்லோரும் இன்றைக்கும் அங்கேதான் பாதமில்லாமல் இருக்கிறார்கள். முரளி திட்டிய அந்த இன்னொருவன் பக்கத்திலும் இருக்கிறார்கள், பச்சைப் பட்டைக்குப் பதில் சிவப்புப் பட்டையோடு. இனி எத்தனை பேர் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. காகிதத்தில் ஒருவன் திருடினால் எந்தக் கடையில் விற்கிறது என்று போய்ப் பார்க்கலாம். இதில் போய் நிற்பதற்கு ஒரு வாசல்கூட இல்லை.

உன்னைத் தண்டிக்க இதை எழுதவில்லை. உனக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை என்கிறார்கள். கொஞ்ச நாள் வீட்டில்தான் இருப்பாய். சமைப்பாய், எதையாவது எழுதுவாய், தைப்பாய், யாருக்காவது தமிழ் சொல்லிக் கொடுப்பாய். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொள்வார்கள். நீ மனமாரக் கொடு, எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நானும் மாடி வீட்டுப் பிள்ளைக்குத் தவளை போட்டுக் கொடுத்தவள்தான். ஆனால் கொடுத்தாயா, எடுத்துக்கொண்டார்களா என்பது உனக்காவது தெரிந்திருக்கட்டும். அது உனக்கே மறந்துபோகிற நாள் வந்தால் அப்புறம் எவர் நினைவூட்டியும் பிரயோஜனம் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அங்கே யார் வீட்டிலாவது, பொங்கலுக்கோ எதற்கோ, கம்ப்யூட்டரில் அந்தப் படங்களில் ஒன்று வரும். யாராவது அழகாக இருக்கிறதே என்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதே. இது எங்கம்மா போட்டது, அவளைக் கேட்காமல் எடுத்திருக்கிறார்கள், இதற்குக் கீழே பாதம் இருக்கிறது என்று சொல். உன் கணவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல். அவர் இல்லாதபோது சொல்வது கணக்கில்லை. அவருக்கு முகம் மாறினால் மாறட்டும். அவர் நல்லவர், ஒரு போனில் உன் படத்தை எடுக்க வைத்தவர். இன்னொரு போன் செய்ய வேண்டும் என்று அவருக்கு இதுவரை தோன்றவில்லை. தோன்ற வைப்பது உன் பாடு.

இந்தக் கடிதத்தை நான் பத்திரிகைக்கு அனுப்ப நினைக்கிறேன். என் போல வீட்டு மேஜையில் உட்கார்ந்து வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே தாளும் பேனாவும் வரப்போகிறது. உன் பெயர், மாப்பிள்ளை பெயர், முரளி பெயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மேலே உன்னை வித்யா என்று கூப்பிட்டிருப்பதைப் பார்த்து நீ ஆச்சரியப்பட்டிருப்பாய். தேசம்மாவின் பெயர் மட்டும் அவளுடையதுதான். போய்க் கேட்டேன், பேரைப் போடு, மெட்டியையும் போடு என்றாள். ஆனாலும் இதில் நீ இருக்கிறாய். உன் பயம் இருக்கிறது, நீ அழுதது இருக்கிறது, நீ சிரித்தது இருக்கிறது. அவற்றை உன்னைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்தால் எனக்கும் முரளிக்கும் வித்தியாசம் இல்லை.

உறையில் பத்திரிகையின் முகவரி எழுதித் தபால் தலையும் ஒட்டி, வாயை ஒட்டாமல் உன் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முழுவதும் படி. வேண்டாம் என்றால் அப்படியே என்னிடம் கொடுத்துவிடு, காரணம் கேட்க மாட்டேன். என் கோபம் இன்றைக்கு இருக்கிறபடியே இருக்கும், ஆனால் கடிதம் பீரோவிலேயே இருக்கும். போடலாம் என்றால் நீயே ஒட்டி, வியாழக்கிழமைக்கு முன் நீயே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வா.

அம்மா